கெப் விற்பனைக்கு இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள். அவசரக்காரர்கள் கடைசியில் இலக்கம் போட்டு எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள்.

கொஞ்ச நாளாகப் பள்ளிவாசலடியிலும் பாடசாலை வாசலிலும் வட்ஸ்அப்பிலும் ஒரே கேள்விதான். "சேர், கெப்ப விக்கப் போறீங்களாமே?" "அட்வான்ஸ வாங்கிப் போட்டுத் திருப்பிக் குடுத்தீங்களாமே, ஏன் சேர்?" ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அளவில் பதில் சொல்லி, எது முழுப் பதில் என்று எனக்கே மறந்துவிட்டது. ஊரில் உலாவும் கதையில் சிலருக்கு நான் பைத்தியக்காரன், சிலருக்குப் பெரிய வலியுல்லாஹ். இரண்டும் பிழை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்கள் என்ன விலைக்குப் போயின என்று உங்களுக்குத் தெரியும். மச்சானுக்கு நெல் வியாபாரம். அதுவரை வாடகை வண்டியில்தான் ஓட்டம். "பாவிச்ச வண்டிய வாங்கி கராஜுக்குக் குடுக்கிற காசப் புது வண்டிக்கு லீசிங்கா கட்டுவம் மச்சான்" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. லீசிங் கம்பனிக்கு நெல் மூட்டை காட்டினால் போதாதே, மாதச் சம்பளக்காரன் ஒருவன் வேண்டும். அந்த ஆள் நான். மச்சானின் சிறுபோக நெல்லுக் காசு, எனது சீட்டுக் காசு, மனைவியின் இரண்டு காப்பு அடகுக்குப் போன காசு, எல்லாம் சேர்த்து முற்பணம் கட்டினோம். முழு விலையை இங்கே எழுதவில்லை. உம்மாவும் இப்போது பேஸ்புக் பார்க்கிறா.

ஆகஸ்ட் விடுமுறையில் புத்தம் புதிய டபள் கெப் வீட்டு வாசலில் வந்து நின்றது. பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. உம்மா கண்ணூறு கழித்தா. கிழமை நாட்களில் என்னிடம், சனி ஞாயிறும் அறுவடைக் காலத்திலும் மச்சானிடம் என்று ஏற்பாடு. வீட்டிலிருந்து பாடசாலை நாலு கிலோமீற்றர். காலையில் நாலு, பகலில் நாலு, பின்னேரம் ரியூசனுக்கு இரண்டு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆறாவது கிழமை மஞ்சள் லைட் ஒன்று பத்தியது. எஞ்சின் படம் போட்ட லைட். ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. கம்பனிக்குப் போன் எடுத்தால் "கொண்டு வாங்க" என்றார்கள். எங்கள் பக்கத்திலிருந்து அவர்களின் சேவிஸ் நிலையத்துக்குப் போய்வர ஒரு முழு நாள், ஒரு லீவு. கம்பியூட்டரைச் செருகிப் பார்த்தார்கள், லைட்டை அணைத்தார்கள், "இப்ப சரி" என்றார்கள். பதினெட்டு நாளில் திரும்பவும் பத்தியது.

லைட் பத்தினால் ஊரில் ஆலோசனைக்குக் குறைவா? ஷெட்டில் தண்ணி கலந்த டீசல் என்றார் ஒருவர். பெற்றரியைக் கழற்றி அரை மணித்தியாலம் வைத்துவிட்டுப் பூட்டு என்றார் இன்னொருவர். லைட்டின் மேல் கறுப்புத் துண்டு ஒட்டச் சொன்ன நண்பரும் இருக்கிறார், அவர் ஒரு பாடசாலையின் அதிபர். உம்மா மட்டும் "அண்டைக்கே சொன்னன், கண்ணூறு வடிவாக் கழியல்ல" என்று ஒரே நிலையில் நின்றா.

இதற்கிடையில் ஆறாம் தரத்துப் பிள்ளை ஒன்று ஒரு நாள் வாசலில் நின்று சொன்னது: "சேர், நிப்பாட்டின பிறகும் உங்கட கெப் மூச்சு வாங்குது." நான் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கு அந்தப் பிள்ளை சொன்னதைக் காதில் போட ஒரு மாதம் எடுத்தது.

ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உம்மாவுக்கு மறுநாள் கண்டியில் கண் கிளினிக். அம்பாறை, மகாஓயா, மகியங்கனை என்று வண்டி நல்லபடி ஓடியது. பதினெட்டு வளைவு ஏறத் தொடங்கினோம். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் எக்ஸலேட்டரை மிதித்தால் மிதித்தபடி கிடக்கிறது, வண்டி இழுக்கவில்லை. மஞ்சள் லைட் இரண்டாகிவிட்டது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் மரக்கறி லொறி. ஒதுங்க இடமில்லாத வளைவில் பதினைந்து, இருபது வேகத்தில் நகர்ந்தோம். பஸ்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார். உம்மா பின் ஆசனத்தில் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தா. ஒரு சொல் என்னிடம் பேசவில்லை. மேலே ஒரு தேத்தண்ணிக் கடையடியில் நிறுத்தியபோது என் ஷேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது. எஞ்சினை நிறுத்தியும் முன்னுக்கு விசிறி ஓடிக்கொண்டேயிருந்தது. அப்போதுதான் அந்தப் பிள்ளை சொன்ன 'மூச்சு வாங்குது' காதில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். விளங்கியதை எளிதாகச் சொல்கிறேன். இப்போது வரும் டீசல் வண்டிகளில் புகை வெளியேறும் வழியில் ஒரு வடி இருக்கிறது. கரியை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. பிடித்த கரி நிறைந்தால் அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். நெடுந்தூரம் வேகமாக ஓடினால் அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரியும். இல்லாவிட்டால் வண்டியின் கம்பியூட்டர் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூட விட்டு, வடியை 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி எரிக்கும். இதற்குப் பதினைந்து, இருபது நிமிட ஓட்டம் வேண்டும். இடையில் சாவியைத் திருப்பி நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும். விசிறி ஓடிக்கொண்டிருப்பது அதற்கு ஓர் அடையாளம். பாதியில் நின்ற டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். கலந்தால் ஒயில் நீர்க்கும், எஞ்சின் தேயும். வடி கூடுதலாக அடைத்துவிட்டால் எஞ்சினைக் காப்பாற்றக் கம்பியூட்டர் வலுவைக் குறைத்துவிடும். பதினெட்டு வளைவில் நடந்தது அதுதான்.

இப்போது என் நாலு கிலோமீற்றர் கணக்கைப் பாருங்கள். சுடுவதற்கு முன்னமே பாடசாலை வந்துவிடுகிறது.

கம்பனியில் மூன்றாம் முறை போனபோது அவர்களும் அதைத்தான் சொன்னார்கள். "உங்கட ஓட்டம் சரியில்ல சேர். லோங் போங்க, சுப்பர் டீசல் அடிங்க." ஏற்றுக்கொண்டேன். விற்கும்போது இதை யாரும் சொல்லவில்லையே என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் பொத்துவில் வரை போய் வந்தேன். வேலையில்லாமல், காசு கொடுத்து டீசல் அடித்து, வண்டியைச் சூடாக்குவதற்காகவே ஓர் ஓட்டம். எங்கள் ஷெட்டில் சுப்பர் டீசல் இல்லாத நாட்களில் அடுத்த ஊரில் தேடி அடித்தேன். பிள்ளைகள் முதல் இரண்டு கிழமை சந்தோஷமாக வந்தார்கள், மூன்றாம் கிழமை "வாப்பா, நீங்க மட்டும் போங்க" என்றார்கள். சொன்னதையெல்லாம் செய்தும் லைட் வந்தது. ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு மேல் கோட்டையும் தாண்டி நின்றது. மணந்து பார்த்தேன், டீசல் வாசம். ஒயில் குறைந்தால் விளங்கும். கூடுகிறதென்றால் எங்கோ பிழை இருக்கிறது. என் ஓட்டத்தோடு முடிகிற பிழை இல்லை அது.

நாலாம் முறை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கம்பியூட்டர் மூலம் வடியைச் சுத்தமாக எரித்து, ஒயில் மாற்றி, ஒரு கடதாசி தந்தார்கள். அதில் இருந்தது ஒரே வரிதான்: பரிசோதித்தோம், குறை எதுவும் காணப்படவில்லை.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் இருந்தார். செய்முறைக் கொப்பியில் 'அவதானம்' என்ற இடத்தில் 'அனுமானம்' எழுதினால் பக்கத்தையே வெட்டிவிடுவார். கண்டதை முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு எழுது என்பார். அந்தக் கடதாசியைப் பார்த்தபோது அவர் ஞாபகம் வந்தது. 'குறை காணப்படவில்லை' என்பது அவதானம். அதை எல்லோரும் 'குறை இல்லை' என்று வாசித்தோம். நானும் கம்பனியிடம் அதுவரை அனுமானத்தைத்தான் கொண்டுபோயிருந்தேன். 'எஞ்சின் சரியில்ல' என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? அன்றைக்கு ஒரு கொப்பி வாங்கினேன். திகதி, கிலோமீற்றர், எந்த ரோட்டு, எவ்வளவு வேகம், எந்த லைட், ஒயில் மட்டம், எந்த ஷெட்டில் என்ன டீசல். கண்டது மட்டும்.

டவுனில் ஒரு கராஜ் பாஸ் இருக்கிறார், நல்ல தொழில்காரர். அவர் ஒரே நிமிடத்தில் தீர்வு சொன்னார். "அந்த வடியக் கழட்டி எறிஞ்சி போட்டு, கம்பியூட்டருக்கும் இல்லெண்டு சொல்லிட்டா முடிஞ்சி சேர். அரை நாள் வேல." உண்மையில் மனம் போய்விட்டது. ஆனால் கழற்றினால் வொரண்டி அத்தோடு முடியும். மற்றது, நான் தினமும் காலையில் வண்டியை நிறுத்துவது முதலாம் தரத்துப் பிள்ளைகள் வரிசையாக நுழையும் வாசலில். அந்தக் கரி அவர்களுக்குத்தான் போகும். பாஸுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரியில் மச்சான் சொன்னார், "விப்பம்." தவணை இரண்டு பின்னுக்கு விழுந்திருந்தது. காப்பு அடகில் கிடந்தது. நானும் சரி என்றேன். தரகர் ஓர் ஆளைக் கொண்டுவந்தார். கட்டாரிலிருந்து திரும்பியவர், மீன் வியாபாரம் தொடங்கப் போகிறார். கம்பனி வடியை எரித்துக் கொடுத்துப் பன்னிரண்டு நாள். லைட் இல்லை, வண்டி பறக்கிறது. தரகர் முதல் நாளே சொல்லி வைத்தார்: "நீங்க ஒண்டும் பேச வேணாம் சேர். லைட் பத்தல்லதானே."

அந்த மனிதர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "எண்ட தம்பி உங்கட்டப் படிச்சவன் சேர். உங்கட வண்டியெண்டா நான் என்னத்தப் பாக்க?" என்றார். இரண்டு இலட்சம் ரூபா அட்வான்ஸ். நான் வாங்கினேன். இதையும் எழுதத்தான் வேண்டும். நான் வாங்கினேன், ஒன்றும் சொல்லவில்லை.

இரவு மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டா. "அவருக்குச் சொன்னீங்களா?"

"அவர் கேக்கல்லயே" என்றேன்.

அவ பதில் சொல்லவில்லை. லைட்டை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டா. அடகில் கிடப்பது அவவின் காப்பு. விற்றால் முதலில் மீட்பது அதைத்தான். அப்படியிருந்தும் அவ அதைக் கேட்டா. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. பதினெட்டு வளைவுதான் கண்ணில் வந்தது. பின் ஆசனத்தில் எங்கள் உம்மாவுக்குப் பதிலாக அவருடைய உம்மா.

சுபஹ் தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். காசையும் கொப்பியையும் மேசையில் வைத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் கொப்பியைக் காட்டாமல் சொன்னால் விலை கூட்டப் பார்க்கிறேன் என்று நினைப்பார். அவர் பக்கம் பக்கமாக வாசித்தார். நல்ல நேரம் எடுத்தது. பிறகு "கட்டார்ல ஒம்பது வருஷம் சேர், வெயில்ல" என்று மட்டும் சொன்னார். காசை எண்ணவில்லை, அப்படியே எடுத்து உள்ளே கொடுத்தார். வாசல் வரை வந்து, "அல்லாஹ் உங்களுக்கு ஒரு வழியத் தரட்டும்" என்றார். பிறகு வேறு வண்டி வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மச்சானின் கோபத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. "குறை ஒண்டுமில்லெண்டு கம்பனிக்காரனே கடதாசி தந்திரிக்கான். அவனவிட உங்களுக்குத் தெரியுமா? பொய்யா சொல்லச் சொன்னன்? சும்மா இருக்கத்தானே சொன்னன்." என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. இரண்டு கிழமை அவர் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. மனைவிக்கு அவர் கூடப்பிறந்த காக்கா. அந்த இரண்டு கிழமையும் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் கிழமை வந்தார். பெரும்போக அறுவடை தொடங்கியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து முடியும் வரை பேசவில்லை. பிறகு சொன்னார்: "நேத்து ஒரு ஆள்ர நெல்லுப் பாக்கப் போனன். மேல நல்ல காய்ச்சல் நெல்லு. சாக்குக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டன், அடியில ஈரம். அந்தாளுக்கிட்ட ஒரு ஏச்சி ஏசிப் போட்டு வந்தன். வாற வழியில நம்மட கெப்தான் ஞாபகம் வந்திச்சி."

நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஈரமான தானியக் குவியலுக்குள் ரஸூலுல்லாஹ் கை விட்டுப் பார்த்த சம்பவம் எங்களில் யாருக்குத்தான் தெரியாது? குர்ஆன் மத்ரஸாவில் படித்தது. நெல்லு யாவாரியான அவர் அதை ஒவ்வொரு போகமும் தன் கையால் செய்கிறார்.

எழும்பிப் போகும்போது, "அதுக்காக நீங்க செஞ்சது சரியெண்டு நான் சொல்ல வரல்ல" என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். மச்சான் மச்சான்தான்.

இப்போதைய நிலை இதுதான். கொப்பியின் பிரதியையும் நாலு சேவிஸ் கடதாசிகளையும் சேர்த்துக் கம்பனியின் தலைமை ஒபிஸுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். முதல் தடவையாக ஓர் எஞ்சினியர் எனக்குப் போன் எடுத்தார். ஒயில் மட்டம் கூடிய திகதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். வடி அடைத்திருக்கிறதா என்று அளக்கும் சென்சரை மாற்றினார்கள், காசில்லாமல். ஒன்பது நாளில் லைட் திரும்பவும் வந்தது. அடுத்தது இஞ்செக்டர்களைக் கழற்றிப் பார்க்க வேண்டுமாம், அதற்குத் திகதி தருகிறோம் என்றிருக்கிறார்கள். காத்திருக்கிறோம். தவணையும் காத்திருக்கிறது. காப்பு இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

புது வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு, பட்டுத் தெரிந்த சில:

1. டீசல் வண்டி வாங்குமுன் உங்கள் அன்றாட ஓட்டம் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். வீடு, கடை, பாடசாலை என்று நாலைந்து கிலோமீற்றர்தான் என்றால், புகை வடி உள்ள டீசல் வண்டி உங்களுக்கு ஒத்துவருமா என்று விற்பவரிடமே கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

2. கந்தகம் குறைந்த டீசல்தான் இந்த வடிக்கு ஏற்றது. எந்த டீசல் என்று வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கும். நிறுத்திய பிறகும் விசிறி ஓடினால், முடிந்தால் இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

3. கிழமைக்கு ஒருமுறை ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். குறைவதை மட்டும் பார்க்க வேண்டாம், கூடுகிறதா என்றும் பாருங்கள்.

4. ஒவ்வொரு முறை கம்பனிக்குப் போகும்போதும் நீங்கள் சொன்ன முறைப்பாடு நீங்கள் சொன்னபடி கடதாசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். பிரதி இல்லாமல் வராதீர்கள்.

5. வாயால் ஆயிரம் முறை சொல்வதை விட ஒரு பதிவுத் தபால் மேல். அதற்கும் சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. இலக்கம் 1977. முறைப்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு, நாளைக்கு நாளைக்கு என்று இழுக்காதீர்கள்.

6. பிள்ளைகள் சொல்வதைக் காதில் போடுங்கள். முதலில் கண்டுபிடித்தது ஆறாம் தரம்.

கேட்டவர்கள் எல்லோருக்கும் என் பதில்: கெப் இப்போதைக்கு விற்பனைக்கு இல்லை. சரியான பிறகு விற்றாலும் கொப்பியையும் சேர்த்துத்தான் தருவேன். அப்படியும் வாங்க ஆள் இருந்தால் இன்ஷா அல்லாஹ் பேசுவோம்.

இந்த வெள்ளியும் பின்னேரம் பொத்துவில் பக்கம் போவேன். அந்த வழியால் யாருக்கும் சாமான் ஏற்ற இருந்தால் சொல்லுங்கள், எப்படியும் சும்மாதான் ஓடப் போகிறது. துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.